ஐந்து கட்டமும் என் பழைய கேஸும்

காலைக் காபி ஆறுவதற்குள் தங்கை மகளிடமிருந்து போனில் ஒரு படம் வந்துவிடும். வரிசைக்கு ஐந்து கட்டமாக ஆறு வரிசை. சில கட்டம் பச்சை, எழுத்தும் இடமும் சரி; சில மஞ்சள், எழுத்து உண்டு, இடம் வேறு; மற்றதெல்லாம் சாம்பல், அந்த எழுத்தே இல்லை. போன வாரம் ஒருநாள் படத்தோடு குரலையும் பதிந்து அனுப்பியிருந்தாள். “பெரியம்மா, மூணு வரி போச்சு. ரெண்டாவது எழுத்து ஓ, கடைசி ஒய். எல் உள்ள இருக்கு, ஆனா ரெண்டுலயும் இல்ல, மூணுலயும் இல்ல. எஸ், ஏ, ஈ, ஆர், என் ஒண்ணுமே இல்ல. ஆபீஸ் பஸ் வந்துரும், சீக்கிரம் சொல்லுங்க.”

“எல்லை முதல்ல வை. ஏதோ ஒரு எழுத்து ரெண்டு தடவை வரும்னு நெனச்சுப் பாரு” என்று அனுப்பினேன். பஸ் ஏறிய பிறகு பதில் வந்தது. “லாபி! பாம்பே பி ரெண்டு!”

அவள் எம்.சி.ஏ. படித்து பெங்களூரில் வேலை பார்ப்பவள். நான் தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், ஆங்கிலத்தில் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசியதில்லை. ஆனாலும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்தைக் காட்டினால் மீதி மூன்றையும் என் விரல் தேடிப் போய்விடும். பதினேழு வருடம் நான் கம்பாசிட்டராக இருந்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பக்கமாக்கும் வேலை.

தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. பி என்றால் எந்தப் பி, டி என்றால் எந்த டி? போனில் பெயர் சொல்லும்போது பாம்பே பி, பேரட் பி, டெல்லி டி, டைகர் டி என்போமே, அதையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்.

1979-ல், பதினேழு வயதில், மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். முதல் மாதம் எனக்கு எதையும் கோக்கத் தரவில்லை. கேஸைப் படி என்றார்கள். கேஸ் என்பது சாய்த்து வைத்த மரத்தட்டு. உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் எழுத்தின் அச்சுகள். ஆங்கிலத்துக்கு இரண்டு தட்டு. மேல் தட்டில் பெரிய எழுத்து, கீழ்த் தட்டில் சின்ன எழுத்து. இன்றைக்குக் கணினி முன் உட்காரும் எல்லாரும் அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்கிறார்களே, அந்தப் பெயர் இந்தத் தட்டுகள் கொடுத்ததுதான்.

மேல் தட்டில் அறைகள் ஒரே அளவு. கீழ்த் தட்டில் அப்படி இருக்காது. நட்டநடுவில், கை தானாகப் போய் விழும் இடத்தில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஓர் அறை. அது ஈ. ஏ, ஐ, ஓ, என், ஆர், எஸ், எச், டைகர் டி எல்லாம் அதைச் சுற்றி நடுத்தர அறைகளில். ஜே, க்யூ, எக்ஸ், இசட் ஆகிய நான்கும் ஓரத்தில், விரல் நுனி மட்டும் நுழையும் அறைகளில். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்கா என் கண்ணை முந்தானையால் கட்டிவிட்டு, “எம் எடு, ஆர் எடு” என்பார். எடுத்த எழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் வெட்டைத் தடவிப் பார்த்து, தலைகீழா நேரா என்று சொல்ல வேண்டும். ஈயத்தில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும் என்பதால் பாம்பே பி, டெல்லி டி, பேரட் பி, க்யூ நான்கும் அண்ணன் தம்பி மாதிரி முகம் காட்டும். அவற்றைப் பிரித்தறிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

கல்யாண சீசனில் ஆங்கிலப் பத்திரிகைகள் மொத்தமாக வரும். பாதிப் பத்திரிகை கோத்திருக்கும்போதே ஈ தீர்ந்துவிடும். அந்த மாதிரி நேரத்தில், அதே கனத்தில் வேறோர் எழுத்தைத் தலைகீழாகக் குத்திவைத்துவிட்டு மேலே போவோம். ப்ரூஃப் எடுத்தால் அந்த இடமெல்லாம் கறுப்புக் கட்டையாக விழும். வேறு வேலை அச்சாகி முடிந்து, எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்ட பிறகு, ஈக்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து ஒவ்வொரு கட்டையையும் பிடுங்கி இடத்தை நிரப்புவோம். பாதிச் சொல்லையும் நடுவில் கறுப்புக் கட்டைகளையும் பார்த்து முழுச் சொல்லைப் படிக்கும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது. இப்போது தங்கை மகள் அனுப்பும் சாம்பல் கட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் ப்ரூஃப் தாள் கண்முன் வந்து நிற்கிறது.

எந்த எழுத்து எத்தனை தேவைப்படும் என்று அச்சகத்துக்காரர்களுக்குத் தெரிந்ததை ஒருவர் தந்திக்குக் கொண்டுபோனார். அமெரிக்காவில் 1830-களின் பிற்பகுதியில் சாமுவேல் மோர்ஸும் அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெய்லும் தந்திக் குறியீட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறி கொடுத்தால் நேரம் மிச்சம். எது அடிக்கடி வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நியூஜெர்சியில் மாரிஸ்டவுன் ஊரின் பத்திரிகை அச்சகத்துக்குப் போய், கேஸில் எந்த எழுத்து எவ்வளவு கிடக்கிறது என்று வெய்ல் எண்ணினார் என்பார்கள். மோர்ஸ் பேரில் வழங்கிவரும் கணக்கில் ஈ 12,000, டைகர் டி 9,000, இசட் வெறும் 200. அதனால்தான் மோர்ஸ் குறியீட்டில் ஈ என்பது ஒரே ஒரு புள்ளி, டைகர் டி ஒரே ஒரு கோடு. க்யூவை அனுப்ப வேண்டுமென்றால் கோடு, கோடு, புள்ளி, கோடு என்று நான்கு தட்டு தட்ட வேண்டும். தந்தி ஆபீஸ் சத்தத்துக்குள் எங்கள் அறை அளவுகள் ஒளிந்திருந்தன என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான பெருமையை எப்படிச் சொல்வது!

அடுத்து எண்ணியவர் ஒரு கட்டடக் கலைஞர். ஆல்ஃபிரட் பட்ஸ், நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் குடியிருந்தவர். பொருளாதாரப் பெருமந்தத்தில், 1931-ல், வேலை போய்விட்டது. சும்மா இருந்த காலத்தில் எழுத்துகளை வைத்து ஒரு விளையாட்டு செய்ய நினைத்தார். எட்கர் ஆலன் போ 1843-ல் எழுதிய ஒரு கதையில், ரகசியக் கடிதத்தில் அதிகம் வரும் குறியே ஈ-யாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு புதிரை அவிழ்ப்பார்கள். அந்த யோசனை பட்ஸைப் பிடித்துக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கங்களை எடுத்து வைத்து, எழுத்து எழுத்தாக எண்ணிக் குறித்தார்.

அந்தக் கணக்குதான் ஸ்கிராபிள். மொத்தம் 100 சில்லு; இரண்டில் எழுத்தே இருக்காது, எதுவாகவும் வைத்துக்கொள்ளலாம். ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஒவ்வொன்றுதான். அரிதான எழுத்துக்கு மதிப்பெண் கூட: ஈ-க்கு 1, ஜே-க்கும் எக்ஸுக்கும் 8, க்யூவுக்கும் இசட்டுக்கும் 10. எஸ்ஸை மட்டும் நான்கோடு நிறுத்திவிட்டார். அதைத் தாராளமாக விட்டால், போட்ட சொல்லுக்கெல்லாம் வால் ஒட்டிப் பன்மையாக்கி ஆட்டத்தைக் கெடுத்துவிடுவார்கள். முதன்முதல் அந்தப் பலகை முன் உட்கார்ந்து சில்லுகளைப் பிரித்து அடுக்கியபோது, கீழ்த் தட்டையே யாரோ பைக்குள் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

பட்ஸ் பல வருடம் அலைந்தும் எந்தக் கம்பெனியும் அதை வாங்கவில்லை. 1948-ல் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் தயாரிக்கும் உரிமையைப் பெற்று, ஸ்கிராபிள் என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் 2,400 பெட்டிகள் செய்து, 450 டாலர் நட்டப்பட்டார். 1952-க்குப் பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது. ஜாக்சன் ஹைட்ஸில் 35-வது அவென்யூவின் ஒரு முனையில் தெருப்பெயர்ப் பலகையில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஸ்கிராபிள் மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். பட்ஸுக்கு அந்த ஊர் செய்த மரியாதை.

சரி, எழுத்து எண்ணிக்கை தெரிந்துவிட்டால் சொல் வந்துவிடுமா? வராது. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. இரண்டு எழுத்தை எப்படி அடுக்கினாலும் 676 சேர்க்கை. அதில் 107 சேர்க்கை சொற்களாகவே வட அமெரிக்க ஸ்கிராபிள் பட்டியலில் 2018-லிருந்து இருக்கின்றன. ஏறத்தாழ ஆறில் ஒன்று. ஐந்து எழுத்து என்றால் சேர்க்கை 1,18,81,376. ஆனால் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 என்றுதான் பட்டியல் சொல்கிறது. ஆயிரத்தில் ஒன்று! நீளம் கூடக்கூடச் சொற்கள் அவ்வளவு மெலிந்துவிடுகின்றன. அதாவது ஐந்து கட்டத்துக்கு முன் உட்கார்கிறவருக்கு, எது சொல்லாகாது என்பதே பெரிய துணை.

எது சொல்லாகும், எது ஆகாது என்பதற்குத் தமிழில் இலக்கணமே உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்கான நன்னூல் உரை ஒன்றை நானே முழுக்கக் கோத்திருக்கிறேன். மொழிக்கு முதலில் வரும் எழுத்து 22, கடைசியில் வரும் எழுத்து 24 என்று பவணந்தியார் எண்ணிச் சொல்லிவிட்டார். ஓரெழுத்து ஒருமொழி 42 என்பதும் அவர் கணக்கே. ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு சூத்திரம் என் கையில் கிடைக்கவில்லை. கேஸ் முன்னால் நின்று நானாகப் பழகிக்கொண்டேன். வி கடைசி எழுத்தாக நிற்க விரும்பாது. கிவ், லவ், ஹேவ் எல்லாவற்றிலும் பின்னால் ஓர் ஈ துணைக்கு வரும். யூவும் வியும் ஒரே எழுத்தாக எழுதப்பட்ட பழைய நாளில், இது மெய்தான் என்று காட்டப் போட்ட ஈ அது. ஜே கடைசியில் வரும் சொல் பெரும்பாலும் கப்பல் ஏறிப் போனது: ராஜ், தாஜ், ஹஜ். க்யூவுக்குப் பின்னால் யூ வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். யூ இல்லாமல் க்யூவைப் போட வழி இல்லையா என்றால், தலாக், நிகாப், ஃபக்கீர் மூன்றும் யூ இல்லாத க்யூவோடு அந்த ஸ்கிராபிள் பட்டியலில் இருக்கின்றன. மூன்றும் ஐந்தெழுத்து, மூன்றும் அரபியிலிருந்து போனவை. சீனத்திலிருந்து போன சீ என்ற சொல் க்யூவும் ஐயும் மட்டும் சேர்ந்த இரண்டெழுத்து. கையில் க்யூ மாட்டிக்கொண்டு தவிக்கிறவர்களுக்கு அது உயிர் காக்கும் சொல்.

ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டைகர் டி. இந்த ஏழும் எங்கள் கேஸில் கைக்கு எட்டும் அறைக்காரர்கள். ஏழையும் மாற்றி மாற்றி அடுக்கினால் ரீடெய்ன்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர், ஸ்டெய்னர் என்று ஒன்பது சொல்லுக்குக் குறையாமல் கிடைக்கும். ஸ்கிராபிள் ஆடுகிறவர்கள் இந்த ஏழு கையில் விழாதா என்று காத்திருப்பார்கள். ஏழு சில்லையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 மதிப்பெண் கூடுதல்.

தங்கை மகள் ஆடுவது வேர்டில். நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஜாஷ் வார்டல் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தது. பாலக்குக்குச் சொல் விளையாட்டென்றால் உயிர். சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்தது, தெரியாதது என்று பிரித்தார். 2,500 அளவுக்குச் சுருங்கியது. அதிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சொல். எல்லாரும் அந்த விளையாட்டைச் செய்தவரைத்தான் புகழ்கிறார்கள். என் மனம் அந்தப் பன்னிரண்டாயிரத்தையும் பிரித்துப் போட்ட பெண்ணிடம் போகிறது. அச்சான பக்கத்தை உடைத்து, எழுத்து எழுத்தாக அறையில் போட்டவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று. 2021 நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. 2022 ஜனவரி கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை வாங்கிவிட்டது. பட்ஸ் உட்கார்ந்து எழுத்து எண்ணினாரே, அதே பத்திரிகை.

இதில் பலரும் போய் விழும் பள்ளம் ஒன்று உண்டு. முதல் எழுத்து மட்டும் தெரியாது. மீதி நான்கும் ஐ, ஜி, எச், டைகர் டி என்று பச்சையாகி நிற்கும். சந்தோஷமாக லைட் என்று போடுவார்கள், இல்லை. நைட், இல்லை. ஃபைட், இல்லை. மைட், ரைட், சைட், டைட், எய்ட் எல்லாம் சேர்த்து எட்டு சொல் வரிசையில் நிற்க, தொடங்கும்போதே மிச்சம் இருந்தது மூன்று வாய்ப்புதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பாதிக்குமேல் தோல்விதான். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. ஒரு வாய்ப்பை வேண்டுமென்றே விட்டுக்கொடு. ஃபிலிம்ஸ் என்று போடு. அது விடை ஆகாது, ஆனால் எஃப், எல், எம், எஸ் என்று நான்கு முதலெழுத்தை ஒரே அடியில் கேட்டுவிடும். ஏதாவது ஒன்று நிறம் மாறினால் விடை கையில். நான்கும் சாம்பலானால், என், ஆர், ஈ மூன்றும் இருக்கிற ஒரு சொல்லைப் போடு. அவையும் சாம்பலானால் டைட். மூன்றாவது வாய்ப்பில் கண்டிப்பாக முடிந்துவிடும். ஈ தீர்ந்தபோது வேறெழுத்தைத் தலைகீழாகக் குத்திவிட்டு மேலே போனோமே, அந்தப் புத்திதான் இது. இப்போதைக்கு இடத்தை விட்டுவிடு, வேலையை நிறுத்தாதே.

லாபி எப்படித் தெரிந்தது என்று அவள் மாலையில் கேட்டாள். பெரிய அறை எழுத்துகள் இத்தனை சாம்பலாகிவிட்டால், மிஞ்சும் கொஞ்ச எழுத்துக்குள்ளே சொல் அமைய வேண்டும்; அப்போது ஏதாவது ஒன்று இரட்டிக்க வாய்ப்பு அதிகம். எல்லில் தொடங்கி ஓ இரண்டாவதாகவும் ஒய் கடைசியாகவும் வந்து, சாம்பலான எழுத்து எதுவும் சேராமல், நான் கோத்துப் பழகியதில் உடனே நினைவுக்கு வந்த சொல் மூன்று: லாபி, லூபி, லோலி. மூன்றிலும் ஓர் எழுத்து இரண்டு முறை வருகிறது. பாம்பே பி, ஓ, எல்.

அச்சகத்துக்கு ஒரு கல்லூரிப் பேராசிரியர் வருவார். அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளை நான்தான் கோப்பேன். ஒருநாள் என் காதுபடவே முதலாளியிடம், “அர்த்தம் தெரியாத பொண்ணுங்கதானே, எழுத்தைப் பாத்து அப்படியே அடுக்கச் சொல்லுங்க” என்றார். அன்றைக்குக் கையெழுத்துப் பிரதியில் ரிசீவ் என்ற சொல்லில் சி-க்குப் பின்னால் ஐ, ஈ என்று எழுதியிருந்தார். என் கை நின்றுவிட்டது. சி-க்கு அடுத்து அந்த இடத்தில் நூறு தடவையாவது ஈ-யை முதலில் எடுத்துப் பழகிய கை அது. ஈ, ஐ என்றே கோத்து, ப்ரூஃபின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். அவர் அகராதி பார்த்திருக்க வேண்டும். கேள்விக்குறியை அடித்துவிட்டு, நான் கோத்ததை அப்படியே விட்டிருந்தார். அந்தத் தாளை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

அந்தப் பேச்சு மனசில் இருந்ததால்தானோ என்னவோ, நைஜல் ரிச்சர்ட்ஸ் கதை எனக்கு அவ்வளவு பிடித்தது. நியூசிலாந்துக்காரர், பல வருடம் மலேசியாவில் இருந்தவர். ஆங்கில ஸ்கிராபிளில் பலமுறை உலக சாம்பியன். 2015-ல் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழிப் போட்டியில் போய் ஆடி வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது. ஏறக்குறைய ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுப் போனவர். 2024-ல் ஸ்பானிய மொழியிலும் அதேபோல வென்றார். தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயகோர்ன் 2003-ல் ஆங்கில ஸ்கிராபிள் உலகப் பட்டம் பெற்றபோது வயது 19. மொழி தெரியாமல் சொல் தெரிந்து என்ன பயன் என்று இவர்களைப் பற்றிச் சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சொல்லுக்குப் பொருள் இருப்பதுபோல் உடம்பும் இருக்கிறது. எத்தனை எழுத்து, எது எதன் பக்கத்தில் உட்காரும், எது உட்காராது என்று அந்த உடம்பைத் தொட்டுத் தொட்டு அறிவதும் அந்த மொழியிடம் காட்டும் அன்புதான். எங்களைப் போன்ற பெண்கள் எத்தனையோ ஊர்ச் சந்துகளில் ஈயக் கறை படிந்த விரலோடு செய்ததும் அதைத்தான்.

1996-ல் எங்கள் அச்சகம் கணினிக்கும் ஆஃப்செட்டுக்கும் மாறியது. எழுத்துகளை எடைக்குப் போட்டார்கள். மூட்டை கட்டும்போதும் ஈ-யின் மூட்டைதான் பெரிது.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை மகள் ஸ்கிராபிள் பலகையோடு வந்திருந்தாள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். என் சட்டத்தில் வி, ஈ, ஆர், ஐ, டைகர் டி, ஈ, மறுபடி ஒரு வி. நூறு சில்லில் வி இரண்டே இரண்டு, இரண்டும் என்னிடம். ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கு வி என்றாலே பயம், இரண்டெழுத்துச் சொல் ஒன்றில்கூட அது வராது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கில அகராதிக்கு நம் ஊர் அனுப்பிய சொற்களை அச்சகத்தில் எத்தனையோ தடவை கோத்திருக்கிறேன்: கட்டுமரம் ஒன்பது எழுத்து, மிளகுத்தண்ணீர் பன்னிரண்டு, சுருட்டு ஏழு.

ஏழு.

வி, ஈ, டைகர் டி, ஐ, வி, ஈ, ஆர் என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். “இது என்ன சொல்லு பெரியம்மா, இங்கிலீஷ்ல இருக்கா?” என்று போனை எடுத்துத் தேடினாள். திரையைப் பார்த்தவள் சத்தமாகப் படித்தாள். “வெட்டிவர்... அட, நம்ம வெட்டிவேர்!”

எழுத்துக்கு 13, ஏழும் இறங்கியதற்கு 50. பலகைக் கட்டங்கள் தரும் கூடுதலைச் சேர்க்காமலே அறுபத்து மூன்று. அவளே குறித்துக்கொண்டாள்.